காரைக்கால் ஆசிரியருக்குக் காரைக்காலிலேயே பயிற்சி

பெறுநர்:
பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வி இயக்ககம்,
புதுச்சேரி.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

காரைக்கால் மாவட்டத்தின் வடகோடியில், நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபத்தூரிலிருந்து எழுதுகிறேன். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பகுதியில் அரசுப் பள்ளிகளை நம்பித்தான் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு அரசு கொடுக்கும் பணியிடைப் பயிற்சியைப் பற்றித்தான் இந்த மடல். ஆசிரியர்கள் தங்கள் குறையைத் தாங்களே எழுதினால் அது சங்கத்தின் கோரிக்கையாகப் பார்க்கப்படும். பிள்ளைகளை அனுப்பிவைக்கும் ஊரிலிருந்து ஒரு குரல் வரட்டும் என்றே எழுதுகிறேன்.

2022-23 வரை எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்தது. 2023-24இல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றிலும் சிபிஎஸ்இ வந்தது. என்சிஇஆர்டி புத்தகம் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே என்சிஇஆர்டி ஆறாம் வகுப்புப் புத்தகங்களை முழுவதுமாக மாற்றியது. 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டு வகுப்புகளின் புத்தகங்களும் மாறின. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஓர் ஆசிரியர் அடுத்தடுத்த மூன்று கல்வியாண்டுகளில் மூன்று வெவ்வேறு புத்தகங்களைப் பிரித்திருக்கிறார். தேர்வு முறை மாறியது, கேள்வி கேட்கும் விதம் மாறியது, பாடநூலின் மொழி ஆங்கிலமாயிற்று. இத்தனை மாற்றத்தையும் தாங்க வேண்டியவர் ஒருவரே. நமக்கென்று கல்வி வாரியம் இல்லாத ஒன்றியப் பிரதேசம் நம்முடையது. யாரோ எழுதும் புத்தகத்தைத்தான் எப்போதும் படித்துவருகிறோம். அப்படிப்பட்ட இடத்தில் புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் ஆசிரியர்தான் நம்முடைய பாடத்திட்டம். அவருக்கு என்ன கொடுத்தோம்?

சிபிஎஸ்இ வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. அந்த முடிவு எடுத்தாயிற்று, 2025இல் முதல் அணி பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிவிட்டது. முடிவை வகுப்பறையில் நிறைவேற்றுகிறவரைப் பற்றித்தான் பேச்சு.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் சொன்னதை இங்கே வைக்கிறேன். 2025க்கு முன்பிருந்த என்சிஇஆர்டி ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே மீனைப் பற்றியதுதான். கட்டுமரம், விசைப்படகு, பிடிபாடு, மீனவப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்பு வங்கி எல்லாம் அதில் வரும். கருவாட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு: பச்சை மீன் காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு எடைதான் நிற்கும், 6,000 கிலோ கருவாடு விற்க எவ்வளவு பச்சை மீன் வாங்க வேண்டும்? டில்லியில் எழுதிய புத்தகம் எங்கள் கரையைத் தேடி வந்ததுபோல ஒரு பாடம். ஆசிரியை ஆங்கிலத்தில் கணக்கை வாசித்து, தமிழில் விளக்கி, கரும்பலகையில் மூன்றால் பெருக்கிக் காட்டப் போனார். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நெத்திலி அவ்வளவு நிக்காது. எங்க ஆயா கொட்டுறப்ப ஒரு கூடை, அள்ளுறப்ப கொஞ்சூண்டுதான் இருக்கும்" என்றான். இன்னொருத்தி, பெரிய மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்தால் எடை அப்படிக் குறையாது என்றாள். வகுப்பு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது.

அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் அவர். பையன் சொன்னது சரி. புத்தகத்தின் விடை 18,000 கிலோ என்பதும் சரி. மூன்றில் ஒன்று என்பது ஒரு வசதிக்கான அளவு, மீனுக்கு மீன் அது மாறும், ஆகவே வீட்டில் இருக்கும் தராசில் நிறுத்துப் பார்த்து வாருங்கள், நாமே ஒரு அட்டவணை போடலாம் என்று அந்தப் பேச்சைத் திருப்பியிருந்தால் பின்னமும் விகிதமும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் மறந்திருக்காது. ஆனால் மாதத்துக்குள் முடிக்க வேண்டிய பாடம் வரிசையில் நிற்கிறது. ஆங்கிலத்தில் விடை எழுதப் பழக்க வேண்டும். "சரி, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மூன்றால் பெருக்கினார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவருக்கு அக்கறை இல்லாமலில்லை, படிப்பு இல்லாமலில்லை. பிள்ளை சரியாகச் சொல்லி, அது புத்தகத்தோடு பொருந்தாமல் போகிற நேரத்தில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்குக் கிடைத்த எந்தப் பயிற்சியும் தொட்டதில்லை.

இப்போது நடக்கும் பயிற்சி எப்படி வருகிறது என்பது தாங்கள் அறிந்ததே. டில்லியில் கட்டகம் தயாராகிறது. அங்கிருந்து மாநில அளவிலான கருத்தாளர்களுக்கு, அவர்களிடமிருந்து மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்களிடமிருந்து ஆசிரியர்களுக்கு. படிப்படியாக இறங்கி வகுப்பறையைத் தொடும்போது அதில் மிஞ்சுவது ஸ்லைடுகள்தான். நம்முடைய மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கை இத்தகைய நிறுவனங்களைக் கொண்டுவந்ததே, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் பிள்ளைகளையும் பேச்சையும் அறிந்த ஒரு பயிற்சி இடம் வேண்டும் என்பதற்காகத்தான். காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் நம் சொந்தத் தலைநகரத்துக்கு வர வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்து ஒருவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால், மிச்சம் இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பார். பயிற்சி முடிந்து திரும்பியவர் கொண்டுவருவது ஒரு கோப்பும் பங்கேற்புச் சான்றிதழும்.

அதற்கு மாற்றாக வந்தது இணையவழிப் பயிற்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா, கொரோனா காலத்தில் தீக்ஷா இணையத்தளத்துக்குப் போயிற்று. கட்டகம் கட்டகமாக வீடியோ, கடைசியில் ஒரு வினாடிவினா, 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய், சமையலுக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவில் கைபேசியில் ஓடவிட்டு முடித்த சான்றிதழ்கள் எத்தனையோ. வினாடிவினா விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றியதையும் ஊரறியும். ஆசிரியரைக் குற்றம் சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. கேட்ட கேள்வி அவர் வகுப்பிலிருந்து வரவில்லை, அதனால் விடையும் அவர் மனத்திலிருந்து வரவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்குப் பரிந்துரைகள் நம் நாட்டில் குறைவாக இருந்ததே இல்லை. 1964-66 கோத்தாரி குழு, ஐந்தாண்டுப் பணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி ஒவ்வொரு ஆசிரியருக்கும் வேண்டும் என்றது. 2012இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம், பணிமுன் பயிற்சி நிறுவனங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு தனியார் கையில் இருப்பதைச் சுட்டி எச்சரித்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்று அளவு போட்டது. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி உரிமையாகவே உண்டு என்பதையும் நம் அதிகாரிகள் அறிவார்கள். எத்தனை மணி நேரம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த நேரம் எங்கே, யாரோடு, எதைப் பற்றிக் கழிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கான திறவுகோல் தங்கள் கையிலேயே இருக்கிறது. சிபிஎஸ்இ விதிப்படி அந்த 50 மணி நேரத்தில் 25 மணி நேரம் வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனமோ நடத்துவது. மற்ற 25 மணி நேரம் பள்ளிக்குள்ளேயோ, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தோ நடத்திக்கொள்வது. இந்த இரண்டாவது 25 மணி நேரம் ஓர் அறிக்கையில் நிரப்பும் கட்டமாகவே முடிந்துவிடக்கூடும். காரைக்காலில் அதை உயிருள்ளதாக்கித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

இதற்குத் தொலைவில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஜப்பானில் பாட ஆய்வு என்றொரு வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நான்கைந்து ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் தன் வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள்: எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளை வேறு வழியில் போகிறது, நோட்டில் என்ன அழித்து எழுதுகிறது. அன்றே உட்கார்ந்து பேசுவார்கள். பாடத்தைத் திருத்தி வேறொருவர் இன்னொரு பள்ளியில் நடத்துவார். அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் சொன்னதும் இதையே ஒட்டியது. உரை கேட்பதாலும் மாதிரி பார்ப்பதாலும் மட்டும் வகுப்பறை மாறுவது அரிது, சக ஆசிரியர் பக்கத்தில் இருந்து கைகொடுத்தால் கற்றது வகுப்பறைக்குள் வருகிறது.

தொலைவுக்குக்கூடப் போக வேண்டாம். நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி. சீகன்பால்கு 1716இல் உள்ளூர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு நிலையம் தொடங்கினார். அந்த நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அதை ஒரு முறையாக வகுத்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்று அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. உடனிருந்து பார்த்துக் கற்பதை உலகத்துக்குக் கொடுத்த கரை இது. ஆசிரியர் பயிற்சி என்றாலே ஒலிபெருக்கியும் நாற்காலி வரிசையும்தான் என்று இங்கே எண்ண வேண்டியதில்லை.

காரைக்கால் மாவட்டம் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். பூவத்திலிருந்து வாஞ்சூர் வரை பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நகராட்சி ஒன்று, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். இவ்வளவு அடக்கமான மாவட்டம் பாட ஆய்வுக்கு வாய்ப்பது பெரிய வசதி. கொம்யூனுக்கு இரண்டு குழுக்கள் போதும். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு ஒன்று, ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு ஒன்று என்று தொடங்கலாம். மாதம் ஒரு மதியம் ஒரு பள்ளியில் கூட வேண்டும். அன்று மற்ற பள்ளிகளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு இயக்ககத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் அனுப்பும் சுற்றறிக்கை, ஈராசிரியர் பள்ளிக்குப் பாரமாகத்தான் இறங்கும். பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் தவிர இதில் பெரிய செலவு இல்லை. பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்கள் அன்று லாஸ்பேட்டையிலிருந்து இங்கே வரட்டும். அவர்களும் வகுப்பின் பின்வரிசையில் நிற்கட்டும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் வெளியாள் ஒருவர் நோட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்தால் அது அதிகாரியின் மேற்பார்வை ஆய்வு என்றுதான் பொருள். அந்தப் பயத்தில் ஆசிரியர் எளிதான பாடத்தை எடுப்பார், கெட்டிக்காரப் பிள்ளையை எழுப்புவார், எல்லாம் நன்றாக நடந்ததாகக் காட்டுவார். பாட ஆய்வில் எழுதும் எந்தக் குறிப்பும் ஆசிரியரின் பணிப் பதிவுக்கோ ரகசியக் குறிப்புக்கோ போகாது என்று தாங்கள் எழுத்தில் ஆணை தர வேண்டும். தடுமாறிய பாடத்தைத் திறந்து காட்டும் தைரியம் அப்போதுதான் வரும். கருவாட்டுக் கணக்கில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அந்த ஆசிரியை, அதை நாலு பேர் நடுவில் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால், அடுத்த ஆண்டு நம் கரையோரப் பள்ளிகள் அனைத்திலும் அந்தப் பாடம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ஆசிரியர்கள் காரைக்காலுக்குப் பணிக்கு வருகிறார்கள், சில ஆண்டுகளில் மாறுதல் பெற்றுத் திரும்புகிறார்கள். குடும்பம் அங்கே இருக்கும்போது அவர்கள் திரும்ப நினைப்பது நியாயம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயிற்சி முழுவதும் தனி ஆளுக்குக் கொடுக்கப்படுவதால் அவரோடு அதுவும் பேருந்து ஏறிவிடுகிறது. பாடக் குழு இங்கேயே இருந்தால், அதன் திட்டங்களும் பிள்ளைகளின் தவறுகளைப் பற்றிய குறிப்புகளும் இங்கேயே தங்கும். புதிதாக வருபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

இனி ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்). 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் தொடக்க, நடுநிலை ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்வில் வெற்றி பெற வேண்டும். 2027 ஆகஸ்ட் இறுதிதான் எல்லை. இருபதாண்டாகப் பாடம் நடத்தும் ஒருவருக்கு இது வேலையைப் பற்றிய அச்சம். தமிழக அரசு பணியிலுள்ள ஆசிரியர்களுக்கென்றே சிறப்புத் தகுதித் தேர்வு நடத்த முன்வந்தது. நம் ஆசிரியர்கள் மத்திய தகுதித் தேர்வான சிடெட்டை நாடினால், அதில் மொழிப் பகுதியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கணக்கும் சூழ்நிலையியலும் குழந்தை உளவியலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வினாத்தாளில் இருக்கும். தமிழ்வழியில் படித்து, தமிழ்வழியில் பயிற்சி பெற்று, தமிழில் பாடம் நடத்தியே தலை நரைத்த ஒருவரிடம் அந்த வினாத்தாளை நீட்டினால், சோதிக்கப்படுவது அவருடைய கற்பிக்கும் திறன் அன்று. பணியில் இருப்போருக்குத் தமிழில் எழுதும் வாய்ப்புக் கிடைக்கும்படி மத்திய அரசிடமும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடமும் புதுச்சேரி அரசு எழுத வேண்டும். அதுவரை காரைக்காலிலேயே, பாடவாரியாக, வேலை நேரத்துக்குள் ஆயத்த வகுப்புகள் வேண்டும்.

வேலை நேரத்துக்குள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் ஆசிரியரை வெளிவேலைக்கு எடுக்க இடம் கொடுக்கிறது. இந்த இரண்டாண்டுக்குள் மூன்றும் வரிசையாக வருகின்றன. கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் 2026இல், மக்கள் எண்ணிக்கை 2027 பிப்ரவரியில். இவற்றோடு வாக்காளர் பட்டியல் வேலையும் தேர்தலும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் கரையில் பள்ளிக்கூடம்தான் முகாம், அங்கே நிற்பவரும் ஆசிரியர்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பள்ளிகளும் ஆசிரியர்களும் என்ன செய்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அந்த வேலைகளைச் செய்ய வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அதே ஆசிரியரிடம் புதிய புத்தகத்தையும், ஆங்கிலத்தையும், தகுதித் தேர்வையும் ஒரே நேரத்தில் எதிர்பார்க்கும் அரசு, அவருக்கு நேரத்தையும் துணையையும் தர வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று. ஆசிரியர்களுக்குத் தரும் ஆங்கிலப் பயிற்சி பெரும்பாலும் பேச்சு ஆங்கிலமாக இருக்கிறது. வகுப்பில் அவர்களுக்குத் தேவைப்படுவது அதுவல்ல. தமிழில் புரிந்த ஒரு கருத்தை ஆங்கிலப் புத்தகத்தின் வாக்கியத்தோடு எப்படிக் கோத்துக் கொடுப்பது, எந்த இடத்தில் தமிழைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் பிள்ளையை ஆங்கிலத்துக்கு நடத்த வேண்டும் என்பதே அவர்கள் அன்றாடம் தடுமாறும் இடம். 2023 ஜூலையில் சிபிஎஸ்இயே இந்திய மொழிகளையும் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே வகுப்பில் தமிழ் பேசுவதைக் குற்றம்போல் நடத்தும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். இருமொழியில் பாடம் நடத்துவதையே பயிற்சியின் பொருளாக வைத்தால், அதைக் கற்றுத்தரத் தகுதி உள்ளவர்கள் நம் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள்.

இவ்வளவையும் மாவட்டம் முழுக்க ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. வரும் கல்வியாண்டில் கோட்டுச்சேரி கொம்யூனில் மட்டும், ஐந்தாம் வகுப்புக் கணக்கும் ஆறாம் வகுப்பு அறிவியலும் என்று இரண்டே குழுக்களுக்கு அனுமதி தாருங்கள். அந்த ஆசிரியர்களுக்குச் சிபிஎஸ்இ விதியின் இரண்டாவது 25 மணி நேரம் இதிலேயே கழிந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கென வேறு பயிற்சிக்கு அவர்களை அழைக்காதீர்கள். ஆண்டு முடிவில் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு பாடத்தைத் திறந்த வகுப்பாக நடத்தச் சொல்லுங்கள். மீன் வேலை முடிந்து, நடவு வேலை முடிந்து, எங்கள் ஊர்க்காரர்கள் வந்து பின்வரிசையில் நிற்பார்கள் என்று நான் உறுதி கூறுகிறேன். அந்த முதல் கூட்டத்துக்கு எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும், நாற்காலி, குடிநீர், சாப்பாடு உட்பட வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துதர ஊரில் ஆள் இருக்கிறது. தேதியைக் குறித்து ஒரு சுற்றறிக்கை மட்டும் தங்களிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண்டபத்தூர்வாசி ஒருவர்,
காரைக்கால் மாவட்டம்.